விண்ணப்பிக்கும் நாளும் விடைபெறும் நாளும்

மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். மணமாகிப் பதினான்கு திங்கள் ஆகின்றன. கணவர் அமெரிக்காவில் கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெற்றுப் பணியாற்றுகிறார். திருமணத்திற்கென நான்கு வார விடுப்பில் வந்து சென்றார். பின்னர் கிறிஸ்மஸ் விழாவிற்கு ஒருமுறை வந்தார். சகோதரி இப்போது கருவுற்றிருக்கிறார். மாமனார் காலமாகிவிட்டார், நீரிழிவு நோயால் தளர்ந்த மாமியாரை இவரே உடனிருந்து பேணி வருகிறார்.

மனைவிக்குரிய குடியேற்ற விசாவிற்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. காரணம், வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "பிள்ளை பிறந்து நடை பழகட்டும்" என்கிறார் மாமியார். "இன்றே மனுப் போடுங்கள்" என்கிறார் பெண்ணின் தந்தை. "திருமணமாகி இரண்டாண்டு நிறையட்டும், அப்போதுதான் முழு கிரீன் கார்டு கிடைக்கும்" என்கிறார் ஒரு சித்தப்பா. "அடுத்த ஆண்டு இறுதியில் எனக்குக் குடியுரிமை கிடைத்துவிடும், பிறகு எல்லாம் எளிது" என்கிறார் கணவர். "எவர் சொல்வது சரி? நாங்கள் எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?" என்று முடிகிறது கடிதம்.

செங்கற்பட்டுப் பகுதியில் இக்கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதன்று. ஆகவே அச்சகோதரிக்கு மட்டுமன்றி, அனைவர்க்குமாக இம்மாதம் இதனைப் பற்றிச் சிந்திப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். இங்கே ஒரு முடிவன்று, இரண்டு முடிவுகள் உள்ளன. விண்ணப்பிக்கும் நாள் ஒன்று. வீட்டை விட்டு விடைபெறும் நாள் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குடும்பங்கள் குழம்புகின்றன. மாமியார் பேசுவது விடைபெறும் நாளைப் பற்றி. தந்தை பேசுவது விண்ணப்பிக்கும் நாளைப் பற்றி. இருவரும் தத்தம் அளவில் சரியாகவே பேசுகின்றனர். ஆயினும் ஒருவரையொருவர் மறுப்பதாக எண்ணிக்கொண்டு மனம் வருந்துகின்றனர்.

அமெரிக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுக் குடிமகனின் மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் நிரந்தர வசிப்புரிமை மட்டும் பெற்றவரின் மனைவி வரிசையில் நின்றாக வேண்டும். அவ்வரிசையில் அவருக்குரிய இடம், ஐ-130 என்னும் மனு அங்குள்ள அலுவலகத்தில் சேர்ந்த நாளைக் கொண்டே கணக்கிடப்படும். மணநாளைக் கொண்டு அன்று. பிரிந்திருந்து பட்ட துன்பத்தைக் கொண்டும் அன்று. எனவே பதினான்கு திங்கள் காத்திருந்த இச்சகோதரி, வரிசையில் இன்னும் நிற்கவே தொடங்கவில்லை. இதனை அவர் கணவர் உணர வேண்டும்.

கணவர் பின்னர் குடிமகனாகிவிட்டால் முன்பு போட்ட மனு வீணாகுமோ? ஆகாது. அதே மனு குடிமகனின் மனைவிக்குரிய பிரிவிற்கு மாற்றப்படும். ஆயினும் இங்கே பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. வசிப்புரிமை பெற்றவர் மனைவிக்காகப் போடும் மனுவில் அவர்தம் குழந்தையும் உடன் சேர்ந்து செல்லலாம். குடிமகன் மனைவிக்காகப் போடும் மனுவிலோ குழந்தை உடன் சேராது. குழந்தைக்குத் தனி மனு வேண்டும். இச்சகோதரியின் பிள்ளை தந்தை குடிமகனாகும் முன்னரே பிறக்கும். தந்தை குடியுரிமை உறுதிமொழி எடுத்தவுடன் அப்பிள்ளைக்கெனத் தனியே மனுப் போட மறந்தால், தாய்க்கு விசா வந்து பிள்ளைக்கு வராத நிலை நேரும். ஆகவே குடியுரிமைக்காகக் காத்திராமல் இப்போதே மனுப் போடுவதும், குடியுரிமை பெற்ற அன்றே பிள்ளைக்கு மனுப் போடுவதும் அறிவுடைமை.

சித்தப்பா கூறும் இரண்டாண்டுக் கணக்கும் வெறுங்கதையன்று. 1986-இல் அந்நாடு இயற்றிய ஒரு சட்டத்தின்படி, மணமாகி இரண்டாண்டு நிறையுமுன் மனைவியாகக் குடியேறுபவருக்கு இரண்டாண்டுக்கு மட்டுமான, நிபந்தனையுள்ள கிரீன் கார்டே தரப்படும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் கூட்டாக விண்ணப்பித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். பொய்த் திருமணங்களைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் இரண்டாண்டு என்பது அங்கே சென்று சேரும் நாளில் பார்க்கப்படுவது. மனுப் போடும் நாளில் அன்று. மனு வரிசையில் இருக்கும்போதே இரண்டாண்டு நிறைந்துவிட்டால் முழுக் கார்டே கிடைக்கும். நிறையாவிட்டாலும் கூடுதலாக ஒரு விண்ணப்பமே செலவு. ஒரு விண்ணப்பத்தை மிச்சப்படுத்தப் பல மாதப் பிரிவை விலையாகத் தருவது எவ்வகையில் இலாபம்?

இதனோடு பெண் வீட்டார் அறிய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுவோம். நிபந்தனைக் கார்டு பெற்ற மனைவி அங்கே கணவனால் கொடுமைக்கு ஆளானாலோ, உண்மையாகச் செய்த மணம் முறிந்துவிட்டாலோ, அவர் தனித்தே விண்ணப்பிக்க அச்சட்டம் வழி வைத்திருக்கிறது. கணவன் கையெழுத்து இல்லையேல் கதியில்லை என்று எந்தப் பெண்ணும் அஞ்சி அடங்கிக் கிடக்க வேண்டுவதில்லை.

இனி, பொறுத்திருக்க வேண்டிய இடமும் உண்டு. விசா கைக்கு வந்தபின் காலம் நம்முடையதன்று. குடியேற்ற விசாவிற்கான மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் ஆறு மாதத்திற்கே செல்லும். விசாவும் அதற்குள்ளாகவே பயன்படுத்தப்பட வேண்டும். குடியேறிய பின்னர், மறுநுழைவு அனுமதி பெறாமல் ஓராண்டிற்கு மேல் இங்கு வந்து தங்கினால் அவ்வுரிமைக்கே ஊறு நேரும். எனவே மாமியாரின் மருத்துவம், பிள்ளைப்பேறு, வீட்டுப் பொறுப்பு ஆகியவற்றை எண்ணிக் காலத்தைச் சற்று நீட்டிக்க விரும்பினால், அதனை மனுவிற்கு முன்னர் அன்று, மனுவிற்குப் பின்னர், நேர்காணலுக்கு முன்னர் செய்ய வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. விசாவிற்கு முறை வந்துவிட்டது என்று அறிவித்தபின் ஓராண்டு வரை வாளாவிருந்தால், மனுவே நீக்கப்படக்கூடும்.

நாட்டுக்கு நாடு இக்கணக்கு மாறும். பிரிட்டனில் வரிசை என்பது இல்லை. அங்கே வருமானமே வாயிற்காவலன். அந்நாட்டில் வாழும் கணவன் ஆண்டுக்கு 18,600 பவுண்டு ஈட்டினால் போதும் என்று 2012 முதல் இருந்த விதி, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அந்நாளுக்கு முன்னர் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய தொகையே பொருந்தியது. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டவர்களுக்கு அந்த ஓரிரு வாரம் எத்துணை பெரிய சுவராக எழுந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அங்கே அவசரமும் உதவாது. ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர் பொதுவாக ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளைக் காட்ட வேண்டும். ஐந்தாம் மாதத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தை இழப்பதைவிட, ஒரு மாதம் பொறுத்து முறையாக விண்ணப்பிப்பதே மேல். நம் நாட்டிலிருந்து செல்வோர் பெற வேண்டிய காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் ஆறு மாதத்திற்கே செல்லும்; அதனை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு மற்றவற்றிற்கு அலைவது தலைகீழான வேலை.

கனடாவிலோ வேறொரு விதி. அந்நாட்டுக் குடிமகன் வெளிநாட்டில் வாழ்ந்தாலும், மனைவிக்கு விசா கிடைத்ததும் உடன் கனடாவிற்குத் திரும்பி வாழ்வதாகக் காட்டினால் மனுப் போடலாம். நிரந்தர வசிப்புரிமை மட்டும் பெற்றவர் கனடாவிற்கு வெளியே வாழ்ந்துகொண்டு மனைவிக்காக மனுப் போட இயலாது. "இங்கேயே ஓராண்டு மனைவியுடன் தங்கியிருந்து, பிறகு சேர்ந்தே போகிறேன்" என்று எண்ணும் இளைஞர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

எந்த நாடாயினும், இன்றே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. அது தாள்களைச் சரிசெய்வது. நம் பங்குகளில் நடைபெறும் திருமணம் மெய்விவாகப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. அத்துடன் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி, எச்சமயத்தார் திருமணமும் 90 நாட்களுக்குள் அரசுப் பதிவு பெற வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. மணமகன் விடுப்பு முடிந்து விமானம் ஏறுமுன் இப்பதிவு முடிந்துவிடுமாறு பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை.

அடுத்தது பெயர். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் சேர்ந்த மூன்றாவது பெயர் என்று நம் பெண்கள் பலர் இருக்கின்றனர். தலைப்பெழுத்து இங்கே போதும். அங்கே அதனை விரித்து எழுதச் சொல்வார்கள். ஊர் விஷயத்திலும் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1997-க்கு முன் பிறந்தவரின் சான்றிதழில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றிருக்கலாம். அதன்பின் பெற்ற தாள்களில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருக்கும். 2019 நவம்பர் 29-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமான பிறகு பெற்றவற்றில் செங்கற்பட்டு என்றிருக்கும். வீடு நின்ற இடத்திலேயே நிற்க, மாவட்டம் மட்டும் இருமுறை மாறிற்று! இதனை அயல்நாட்டு அதிகாரி அறிவாரா? ஒரு சிறு விளக்கக் கடிதத்தை முன்னரே இணைத்துவிடுவது நலம்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். விசா கையில் வரும் வரை பெண்ணின் வேலையை விட வேண்டாம். நகையை விற்று விமானச் சீட்டு வாங்கவும் வேண்டாம். அடுத்து, "விரைவில் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். மனைவிக்குரிய மனுவைக் கணவன் தானே நிரப்பி அனுப்பலாம். அதற்குத் தரகர் தேவையில்லை.

இவையெல்லாம் சட்டத்தின் கணக்கு. திருச்சபையின் கணக்கையும் நாம் மறத்தலாகாது. தக்க காரணம் இருந்தாலன்றி, தம்பதியர் கூடி வாழ்தல் அவர்தம் கடமையும் உரிமையும் ஆகும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1151-ஆம் எண் கூறுகின்றது. அதே ஆண்டு அக்டோபர் 22-இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகளின் சாசனம், வேலைக்காகப் புலம்பெயர்ந்தோர் தம் குடும்பத்தோடு கூடிய விரைவில் ஒன்று சேரும் உரிமையுடையவர் என்கிறது. பிரிந்திருத்தல் சில வேளைகளில் தவிர்க்க இயலாதது. ஆனால் அது ஒரு காரணத்தின் பொருட்டு இருக்க வேண்டுமேயன்றி, முடிவெடுக்க மனமில்லாமையின் பொருட்டு இருத்தல் கூடாது. வீடு கட்டி முடியட்டும், தங்கை திருமணம் முடியட்டும், கடன் தீரட்டும் என்று நீளும் காரணங்களில் எது உண்மைக் காரணம், எது சாக்கு என்பதைத் தம்பதியர் இருவரும் மனச்சான்றின் முன் நின்று ஆராய வேண்டும். அந்த ஆராய்ச்சியில் மனைவியின் குரலும் கேட்கப்பட வேண்டும். கடிதத்தில் நால்வரின் கருத்தை எழுதிய நம் சகோதரி, தம் விருப்பம் யாதென்று ஒரு வரியும் எழுதவில்லை என்பதை நாம் கவனிக்காமல் இல்லை.

மாமியாரைப் பற்றியும் ஒரு சொல். மனுவைத் தள்ளிப் போடுவது அவருக்குச் செய்யும் உதவியன்று. மனுப் போட்டபின் கிடைக்கும் காலத்தில், அவரை யார் பார்த்துக்கொள்வது, மாத்திரைக்கும் மருத்துவருக்கும் யார் பொறுப்பு, மாதந்தோறும் மகன் எவ்வளவு அனுப்புவது என்பவற்றை உறவினரோடு அமர்ந்து பேசி முடிவு செய்வதே அவருக்குச் செய்யும் உதவி. தம்மைக் கேளாமல் முடிவு செய்துவிட்டார்கள் என்பதே முதியோரை மிகவும் வாட்டும். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சும் சில மாதங்கள் தமக்கு நிச்சயம் உண்டு என்று அறிந்தால், அவரே மனமுவந்து விடை கொடுப்பார்.

ஆகவே சகோதரிக்கு நம் விடை இதுவே. மனுவை இம்மாதமே உம் கணவர் போடட்டும். பிள்ளை இங்கே, உம் தாயின் அருகில் நலமாகப் பிறக்கட்டும். பிறந்தவுடன் பிறப்புச் சான்றும் பாஸ்போர்ட்டும் பெற்று, பிள்ளையின் விவரத்தைக் கணவருக்கு அனுப்பிவிடுங்கள். விடைபெறும் நாளை, மாமியாரின் நிலையையும் வரிசையின் நிலையையும் பார்த்து, நீங்கள் இருவரும் சேர்ந்து குறியுங்கள். அதற்கு முன் இன்றிரவே கணவரிடம் பேசி, உம் விருப்பத்தை உம் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

எகிப்துக்குச் செல்லுமாறு கனவில் அறிவிக்கப்பட்டபோது, சூசையப்பர் தாம் முன்னே சென்று இடம் பார்த்துவிட்டுப் பிறகு அழைத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. அன்றிரவே எழுந்து, குழந்தையையும் தாயையும் உடன் அழைத்துக்கொண்டு சென்றார். நம் இளைஞருக்கு அத்துணை விரைவு இன்று இயலாது. சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. ஆயினும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற அந்த மனம் மட்டும் குறையாதிருக்க, திருக்குடும்பம் அவர்களுக்குத் துணை நிற்பதாக.