உப்புத் தண்ணீரில் புல்தரை வருமா?

"வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. போர் தண்ணீர் உப்பு. நர்சரியில் மெக்சிகன் புல் போடச் சொல்கிறார்கள். இரண்டு வெள்ளாடும் இருக்கிறது. எந்தப் புல் சரிப்படும்?"
- ஒரு வாசகி, முத்தையாபுரம்.

காசு கொடுத்து வாங்க வேண்டாம். வரப்பில் கிடக்கும் அருகம்புல்லே போதும். வெயிலில் செழிக்கும் புல் இது. ஓரளவு உப்பையும் தாங்கும். கோடையில் மேலே காய்ந்து பழுப்பேறினாலும், மண்ணுக்குள் ஓடும் கிழங்கு உயிரோடு இருந்து ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். தாங்காதது நிழலைத்தான். வேப்பமரத்தடியில் நட்டுவிட்டுப் புல்லைக் குறை சொல்லக் கூடாது.

ஐப்பசி மழை தொடங்கியதும், மூன்று நான்கு கணு உள்ள தண்டுகளை அரை அடி இடைவெளியில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். மேல்மண்ணில் படிந்த உப்பை அந்த மழையே கழுவி இறக்கும். நன்றாக வேர் பிடிக்கும் வரை ஆட்டை விடக் கூடாது.

ஒரு ஓரத்தை வெட்டாமல் பூக்க விட்டால், விதை பொறுக்கச் சில்லைக் குருவிகள் வரும். சில பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் புல்லைத் தின்றே வளர்கின்றன. இதே மாவட்டத்தில், 1987-ல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு சரணாலயத்தில் வெளிமான்கள் பிழைத்திருப்பதும் புல்லை நம்பித்தான்.

ஆனால், காய்கறிப் பாத்திக்குள் நுழைந்தால் அருகு களைதான். கிழங்கு ஒரு துண்டு தங்கினாலும் முளைக்கும். பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் குழி எடுத்து, தாண்டி வரும் தண்டை அவ்வப்போது அறுத்து ஆட்டுக்குப் போடலாம்.