மரியோவின் மீசையைக் கீறியது யார்?

"ஆர்ட்ஸ் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறாய்?" எண்டு எங்களைக் கேட்கிறவை, வீடியோ கேம் எண்டதும் அது ஐரி படிச்ச ஆக்களின்ர வேலை எண்டு முடிவு கட்டிவிடுகினம். பச்சைப் பிழை.

1977இல் நின்டெண்டோவில் சேர்ந்த ஷிகேரு மியாமோட்டோ, கலைக்கல்லூரியில் கைத்தொழில் வடிவமைப்புப் படித்தவர். 1981இல் 'டாங்கி கோங்' விளையாட்டுக்காக மரியோவைக் கீறும்போது அவருக்குக் கிடைத்தது கொஞ்சச் சதுரப் புள்ளிகள்தான். வாய் கீற இடமில்லை, மீசை வைத்தார். தலைமயிரை அசைத்துக் காட்டுவது கஷ்டம், தொப்பி போட்டார். கை வீசுவது தெரியவேண்டும். உடுப்பை இரண்டு நிறமாக்கினார்.

இயந்திரம் 'ஏலாது' எண்ட இடத்திலதான் ஓவியரின்ர மூளை வேலைசெய்தது. எல்லாரும் மியாமோட்டோ ஆகமாட்டினம், சரி. அதுக்காக, கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் கீறுற பிள்ளையிட்ட இருந்து பென்சிலைப் பறிக்காதேங்கோ.