கையில இருந்தா தப்பு, ஸ்டாண்டுல இருந்தா சரியா?

மோட்டார் வாகனச் சட்டம் வந்தது 1988-ல். அப்போ நம்ம நாட்டுல செல்போனே கிடையாது, அது வந்தது 1995-ல். வண்டி ஓட்டும்போது செல்போனை கையில் வைத்துப் பயன்படுத்துவதை, ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றிய 184-ஆம் பிரிவில் பெயர் சொல்லிச் சேர்க்க 2019 திருத்தம் வரை ஆச்சு. முதல் தடவை மாட்டினால் 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. மூன்று வருஷத்துக்குள்ள மறுபடி மாட்டினால் அபராதம் 10,000 ரூபாய். சிறைங்கிற வார்த்தை சட்டத்துல இருக்குன்னு நம்ம பார்க்கிங்ல நிக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம் கேட்பது "போன் கையில் இருக்கா?" என்பதைத்தான். நாமதான் இன்ஜினியர்களாச்சே, உடனே ஹெல்மெட்டுக்குள்ள சொருகிட்டோம்! கொஞ்சம் காசு இருக்கிறவங்க ப்ளூடூத் வாங்கிட்டாங்க. ஆனா பேசுறது காது இல்லை, மூளை. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் 2001-லேயே சிமுலேட்டரில் சோதித்துப் பார்த்தார்கள். போனில் பேசினவர்கள் சிக்னலைத் தவறவிட்டது அதிகம். கையில் பிடித்தாலும், பிடிக்காவிட்டாலும்.

என் கோபம் இதுல இல்லைங்க. 2020-ல் வந்த விதி, வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத மாதிரி போனைப் பயன்படுத்தலாம் என்கிறது. நியாயம்தான். இப்போ சாப்பாடு டெலிவரி பண்ற அண்ணன் ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. மேப் ஓடுற அதே ஸ்க்ரீன்லதான் அடுத்த ஆர்டரும் வந்து குதிக்குது. எடுக்கவா வேண்டாமான்னு யோசிக்கச் சில நொடிதான். விட்டா அன்னைக்கு வருமானம் போச்சு. 50 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி குனிஞ்சு பார்த்தால் வண்டி சுமார் 42 மீட்டர் போயிருக்கும். ரெண்டு கிரிக்கெட் பிட்ச் நீளம், கண்ணை மூடிக்கிட்டு! போலீஸ் பிடித்தால் அபராதம் அவருக்கு. ஓடுற வண்டியில் அந்தப் பட்டனைக் காட்டிய ஆப்புக்கு ஒரு ரூபாய் கூட இல்லை.

"அதை எப்படித் தடுக்கிறது"ன்னு கேட்காதீங்க. வண்டி எங்கே வருதுன்னு நமக்கு நொடிக்கு நொடி காட்டுற ஆப்புக்கு அதோட வேகம் தெரியாதா? ஐபோனில் ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கும் வசதி 2017-லேயே வந்துருச்சு. வண்டி நின்னதும் ஆர்டரைக் காட்டினால் போதும், காத்திருக்கும் நேரத்தையும் அதுக்கேற்ப நீட்டலாம். நம்ம மூணாவது செமஸ்டர் ஆளுங்களே எழுதிடக்கூடிய கோடு இது. கம்பெனிகள் தானா செய்யாது, அதனால சட்டமே அதைக் கட்டாயமாக்கணும்.

அதுவரைக்கும், பிரியாணி லேட்டானா அந்த அண்ணனுக்கு "எங்க வர்றீங்க"ன்னு போன் போடாதீங்க. மேப்ல தெரியுதுல்ல, வந்துட்டுத்தான் இருக்கார்.