பிக்கப் வண்டிக்குக் கனத்த அச்சு மாற்றுதல்

மாட்டு வண்டியின் இருசு வளைந்துபோனால், அதைவிடக் கனத்த இருசொன்றைக் கொல்லுப்பட்டறையில் செய்வித்துப் பூட்டிக்கொள்வது குடியானவர்களுக்குப் புதிதல்ல. சக்கரத்தின் குடமும் கடையாணியும் இசைவாய்ப் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது. மறுநாளே வண்டி களத்துமேட்டுக்குப் போகும். இந்தப் பழக்கத்தையே மோட்டார் பிக்கப் வண்டிக்கும் கொண்டுபோவதனால்தான் பல மிராசுதார்கள் வீண் பணச்செலவுக்கும் ஆபத்துக்கும் உள்ளாகின்றனர். நெல் மூட்டை, வாழைத்தார், எருக் குப்பை முதலியவற்றை அளவுக்கு மேல் ஏற்றி, பின் அச்சு முறிந்தவுடன், பெரிய வண்டியொன்றிலிருந்து கழற்றிய பழைய அச்சை விலைக்கு வாங்கி, ஸ்பிரிங் இருக்கைகளை வெல்டிங் செய்து மாட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு வண்டி நடுங்குகிறது, ஊளையிடுகிறது, பிரேக் அழுத்தினால் மிதி கீழே இறங்குகிறது. உடனே டயரை மாற்றி, பிறகு கிராஸை மாற்றி, பிறகு பேரிங்கை மாற்றி, ஒவ்வொன்றாகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். குற்றம் அந்தச் சாமான்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. அளவு பாராமல் மாட்டியதிலேயே இருக்கிறது.

கனத்த அச்சினால் நன்மை இல்லையென்று சொல்வதற்கில்லை. சிறு வண்டிகள் பலவற்றில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டே வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. ஆகையால் பாரமும் குழியும் சேர்ந்தால் தண்டு முறிந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும். கனத்த வண்டிகளிலோ பாரத்தை அச்சுக் குழாயின்மேல் அமைந்த இரண்டு பேரிங்குகள் தாங்க, தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. தண்டு முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். அமெரிக்க தேசத்தில் பண்ணைக்காரர்களும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவோரும் டானா 60 என்னும் அச்சைத் தேடி மாட்டிக்கொள்வதற்கு இதுவே முக்கிய காரணம். அதன் கிரௌன் சக்கரம் ஒன்பதே முக்கால் அங்குல விட்டமுள்ளது. ஆனால் அங்கும் அச்சு மாற்றியவர்கள் முதலில் படுகிற பாடு வண்டி நடுக்கந்தான்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்கவேண்டியது அவசியம். அச்சு கனத்துவிட்டதனால் வண்டி தாங்கும் பாரம் கூடிவிட்டதென்று கருதுவது முற்றிலும் பிசகு. சட்டம், ஸ்பிரிங் பட்டைகள், டயர், முன் பிரேக் ஆகிய யாவும் பழையனவே. முன்பு முறிந்தது அச்சு. இனி முறிவது வேறொன்று. போதாக்குறைக்கு, புதிய அச்சின் கனமும் வண்டியின் மொத்த எடையில் சேர்வதால் ஏற்றத்தக்க பாரம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் மிகுந்தால் குலுக்கலும் மிகும். தக்காளியும் முட்டையும் ஏற்றுகிறவர்கள் இதைச் சந்தையில் கூடையைத் திறக்கும்போது அறிந்துகொள்வார்கள்.

இனி, மாற்றியாகிவிட்ட வண்டியில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி. நடுக்கம் எதனுடைய வேகத்தோடு சேர்ந்து வருகிறதென்பதையே முதலில் பார்க்கவேண்டும். ஒரே வேகத்தில் இரண்டு வேறு கியர்களில் ஓட்டியும், பிறகு ஆளில்லாத நேரான சாலையில் அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்தும் பார்த்தால், இஞ்சினின் குற்றமா அதற்குப் பின்னாலுள்ள குற்றமா என்பது தெரிந்துவிடும். சுற்றளவு 2.2 மீட்டருள்ள சக்கரம், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 455 சுற்றுச் சுற்றும். அதாவது ஒரு வினாடிக்கு ஏழெட்டு முறை. இந்தக் கணக்கில் வரும் ஆட்டம் எண்ணிவிடலாம்போலத் தோன்றும், இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் தெரியும். குற்றம் சக்கரத்திலோ டயரிலோ குடத்திலோ இருக்கிறது. விரைவான அதிர்வாய், பாதத்தின் கீழ் ரீங்காரம்போல வருமானால் நீளத் தண்டைச் சந்தேகிக்கவேண்டும்.

நீளத் தண்டின் விஷயத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. முன்பு அச்சின் பல் விகிதம் 3.73 ஆக இருந்து, புதியதில் 4.56 ஆனால், அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 1,700 சுற்றுச் சுற்றிய தண்டு இப்போது சுமார் 2,070 சுற்றுச் சுற்றவேண்டியிருக்கிறது. எடைச் சமநிலையில் தண்டுக்கு இருந்த சிறு குறை, பழைய வேகத்தில் தெரியாதிருந்தது, இப்போது பெரிதாய்த் தெரிகிறது. தண்டு கெட்டுவிட்டதென்று அதைத் தூக்கி எறிவதில் பயனில்லை. சமன் செய்யும் பட்டறையில் கொடுத்துப் பார்த்தாலே போதும்.

தண்டும் சமனாயிருந்து நடுக்கம் போகாவிட்டால், ஜாயிண்டுகளின் கோணத்தை அளக்கவேண்டும். பெரும்பாலான கேடு இங்கேதான் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் அளக்காததும் இதைத்தான். சாய்வாகச் சுழலும் கிராஸ் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தியும் இரண்டு தடவை பிந்தியும் தண்டைத் தள்ளும். முன் ஜாயிண்டின் கோணமும் பின் ஜாயிண்டின் கோணமும் ஒத்திருந்து, இரு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் அமைந்திருந்தால், ஒன்றின் தள்ளலை மற்றொன்று தீர்த்துவிடும். ஸ்பிரிங் இருக்கையை நிதானமின்றி வெல்டிங் செய்யும்போது பினியனின் மூக்கு மேலோ கீழோ மூன்று நான்கு டிகிரி சாய்ந்துவிட்டாலும் இந்தச் சமாதானம் குலைந்துவிடும். அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைப்பேசியில் மட்டம் பார்க்கும் வசதியே இதற்குப் போதுமானது. ஆனால் சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்க, வெறும் வண்டியாய் ஒரு தடவையும், வழக்கமான பாரத்தோடு ஒரு தடவையும் அளக்கவேண்டும். ஜாக்கியில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு அளந்த கணக்கு பொய்க்கணக்கு. வேகம் எடுக்கும்போது மட்டும் அதிர்வு வந்து, காலை எடுத்தவுடன் அடங்குமானால், இழுப்பில் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியன் மேலெழுகிறதென்று அறியலாம். ஒன்றிரண்டு டிகிரி பேதத்தை ஸ்பிரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். அதற்கு மேற்பட்டால் இருக்கையை வெட்டி மறுபடி வைப்பதே முறை.

தண்டின் நீளமும் அப்படியே. குட்டையாயிருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது சறுக்குப் பகுதி கழன்று விழும். நீளமாயிருந்தால் பாரத்தில் கியர்ப் பெட்டியை இடிக்கும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவதுபோல் தோன்றினால், இரு பக்கமும் ஸ்பிரிங்கின் முன் கண்ணிலிருந்து அச்சுவரை நாடா பிடித்துப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் கூடியிருந்தால் டயர் சில மாதத்தில் தேய்ந்துவிடும். வெல்டிங் சூட்டில் அச்சுக் குழாயே வளைந்திருப்பதும் உண்டு.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் பின் அச்சை மாத்திரம் வேறு விகிதமாக மாற்றுவது அறியாமை. கெட்டித் தரையில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கியர்ப் பெட்டி நொறுங்கும். கியர்ப் பெட்டியின் வெளித் தண்டிலிருந்து வேகம் காட்டும் வண்டிகளில், மேற்சொன்ன விகித மாற்றத்தினால் 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 73 என்று காட்டும். ஓடிய தூரமும் அவ்விதமே மிகையாகக் காட்டுவதால், டீசல் கணக்குப் பார்க்கிற எஜமானன் ஏமாந்துபோவான்.

இவையெல்லாம் பணச் சேதம். பிரேக்கோ உயிர்ச் சேதம். பெரிய அச்சின் பிரேக்குச் சிலிண்டர்கள் பெரியவையாயிருந்தால் அவற்றுக்கு எண்ணெயும் மிகுதியாக வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒரே மிதியில் அவ்வளவு எண்ணெயைத் தள்ளமாட்டாது. மிதி கீழே இறங்குவது அதனால்தான். எத்தனை தடவை காற்றெடுத்தாலும் அது தீராது. அன்றியும், சில பிக்கப் வண்டிகளில் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கம்பியினால் இணைத்த வால்வு இருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், வெறும் வண்டியில் குறைப்பதும் அதன் வேலை. அச்சு மாற்றும்போது இந்தக் கம்பியை மாட்ட இடமில்லையென்று அப்படியே கட்டிவைத்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய அக்கிரமம் வேறில்லை. கம்பி ஒருவிதமாய் நின்றால், பாரத்தோடு வரும்போது பின் சக்கரம் பிடிக்காது. மற்றொருவிதமாய் நின்றால், மழை நாளில் வெறும் வண்டி பின்பக்கம் சுழன்று குறுக்கே நிற்கும். கம்பியைப் பொருத்தி, வண்டி தயாரித்தவர்கள் சொன்ன அளவுக்குச் சரிசெய்யாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரலாகாது. கைப்பிரேக் வயரின் நீளத்தையும், சக்கரத்தருகே மின்சார உணர்கருவி உள்ள வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்பதையும் உடன் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் நான்கு குடங்களையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் விடாமல் பிடிக்கிறது. எண்ணெய் கசிந்தால், சீலை மாற்றுமுன் அச்சின் மேலுள்ள காற்றுப்போக்கி அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சூட்டில் பெருகிய காற்றுக்கு வழியில்லாவிட்டால் புதிய சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வரும். கிரௌனும் பினியனும் ஊளையிட்டால், ‘ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும், தானே படிந்துவிடும்’ என்று பட்டறையில் சொல்வது வழக்கம். படிவதில்லை. பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, சாயம் பல்லின் நடுவில் தேய்கிறதா ஓரத்தில் தேய்கிறதா என்று பார்த்துத் தகடு வைக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டவேண்டும்.

சட்ட விஷயத்தையும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருப்பது நல்லது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்தவர்கள் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியிருக்கிறது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஆட்சேபிப்பதற்கும் இடமுண்டு. ஆகவே அச்சு முறிந்தவன் செய்யத்தக்கது, அந்த வண்டிக்குரிய அச்சையே வாங்கி மாட்டுவதும், பாரத்தை இரண்டு நடையாக ஏற்றுவதுமே. அதுவும் போதாதென்றால் பெரிய வண்டியை வாடகைக்கு அமர்த்துவது கடனில் விழுவதைவிட மேலானது.

முன்னமே மாற்றிக்கொண்டவர்கள், கழற்றிய பழைய அச்சை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் கொட்டகையில் வைத்திருக்கவேண்டும். ஸ்பிரிங் இருக்கையின் சாய்வும், பிரேக் கம்பி மாட்டியிருந்த இடமும் அதில்தான் இருக்கின்றன. அவற்றை அளந்து பார்த்தே பல கோளாறுகளைத் தீர்க்கலாம். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி அதிகாரிகள் உத்தரவிட்டால், அதைப் பழுது பார்த்து மாட்டிக்கொள்ளவும் செய்யலாம்.