கலைச்சொல் எங்கே இருக்கிறது?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

"தமிழில் விஞ்ஞானம் படிக்கச் சொற்கள் ஏது?" என்று கேட்பவர் பலர். சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது நூலகமன்று. என் தந்தையாரின் தச்சுப் பட்டறை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற கோடை விடுமுறையில் புது வீடொன்றின் கதவு, சன்னல் வேலை தந்தையாருக்குக் கிடைத்தது. வரைபடத்தை என்னிடம் நீட்டினார். ரிபேட், மல்லியன் என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தார்கள். எழுத்தைப் படித்தேன், பொருள் சொல்ல முடியவில்லை. அவரோ படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "ஏன் சாமி, இது காடிதானே? கண்ணாடி உக்கார்றதுக்கு எடுக்கறது. இதுக்கா இத்தனை இங்கிலீசு?" என்றார். நான் தலைகுனிந்தேன்.

அன்று முதல் அவரிடம் மாணவனானேன். சுவரோடு நிற்பது நிலை. அதன் இரு பக்கமும் நிலைக்கால். கொண்டி மாட்டுவது நாதாங்கியில். கீல் வருமுன் கதவிலேயே செதுக்கிய குடுமி, குழியில் நின்று சுழன்றது. பழைய கோயில் கதவுகளில் இன்றும் அதைக் காணலாம். கதவுப் பலகையை அவர் சட்டத்தின் காடிக்குள் செருகுவார். ஆணி அடிக்கமாட்டார், பசையும் இடமாட்டார். காரணம் கேட்டேன். மழையில் மரம் அகலவாட்டில் உப்பும், வெயிலில் சுருங்கும். இடம் விடாவிட்டால் பலகை வெடிக்கும் என்றார். இது விஞ்ஞானமன்றி வேறென்ன?

சன்னல், சாவி இரண்டும் போர்ச்சுக்கீசியம் தந்த சொற்கள். அவற்றை விரட்ட வேண்டியதில்லை. ஆனால் அவை வருவதற்கு முன்பே நாம் காலதர் என்றோம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கில 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியின் 'காற்றுக் கண்' என்ற சொல்லின் வழி வந்ததே. சொல்லாக்கும் திறன் எவருக்கும் தனியுடைமை அன்று.

நம் கொங்கு மண் இத்துறைக்குப் புதியதன்று. அவினாசிலிங்கம் செட்டியார் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் கண்டார். பெரியசாமித் தூரனின் உழைப்பில் தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலையே தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. தெலுங்கிலோ மொழியறிஞர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, உழவர்கள் வாயிலிருந்தே சொல் திரட்டி 1962-ல் உழவுத்தொழில் அகராதி கண்டார். நெசவுக்கும் பின்னர் அதுபோல் ஒன்று செய்தார். அறையில் அமர்ந்து புதுச்சொல் ஆக்குமுன், பட்டறையில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

காலம் தாழ்த்தலாகாது. அலுமினியமும் யுபிவிசியும் ஆயத்தச் சன்னல்களாக வந்து இறங்குகின்றன. தச்சர் பிள்ளைகள் உளியை விட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டோம். படிப்பது தவறன்று. ஆனால் பட்டம் பெறும் நாளில் தந்தையின் சொற்களைத் தொலைத்திருந்தால், பெற்றது பாதி, இழந்தது பாதி.

நண்பர்களே! நம்மில் தறிக்காரர் பிள்ளைகள் உண்டு. குயவர் பிள்ளைகள், வார்ப்படத் தொழிலாளர் பிள்ளைகள் உண்டு. வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் வீட்டுத் தொழிலிலிருந்து இருபது சொற்களைப் பொருளோடு எழுதி வருவோம். அடுத்த ஆண்டு மலரில் அவை அச்சேறட்டும். முதல் சொல்லை நானே தருகிறேன்: காடி.