3 முறை 2-வது இடம்... வளர்ந்துகிட்டே இருக்கும் ஆர்சனலுக்கு கோப்பை மட்டும் ஏன் கிடைக்கல?

2024-25 ஐரோப்பிய கால்பந்து சீசன் முடிஞ்சிருச்சு. பல வருஷமா கோப்பைக்காக ஏங்கிக்கிட்டு இருந்தவங்களுக்கெல்லாம் வரிசையா கோப்பை கிடைத்த சீசன் இது.

70 ஆண்டுகளாக உள்நாட்டுக் கோப்பை எதையுமே பார்க்காத நியூகாசில் யுனைடெட், மார்ச்சில் லீக் கோப்பையை வென்றது. வரலாற்றிலேயே ஒரு பெரிய கோப்பையைக்கூட ஜெயிக்காத கிரிஸ்டல் பேலஸ், மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. அடுத்த 4 நாளில், 17 வருஷ காத்திருப்புக்குப் பிறகு டாட்டன்ஹாம் யூரோப்பா லீக்கை வென்றது. கோப்பையே இல்லாத ஸ்டார் என்று கலாய்க்கப்பட்ட ஹாரி கேன்கூட பேயர்ன் மியூனிக் அணியில் பட்டம் வாங்கிட்டார். பிஎஸ்ஜி முதல்முறையா சாம்பியன்ஸ் லீக் சாம்பியன். அவ்வளவு ஏன், ஐபிஎல்-ல ஆர்சிபி-யே 18-வது சீசனில் கப் அடிச்சிருச்சு.

இந்த லிஸ்ட்டில் இல்லாத பெயர், ஆர்சனல்.

பிரீமியர் லீக் புள்ளிப் பட்டியலில் நியூகாசில், பேலஸ், டாட்டன்ஹாம் மூன்று அணிகளுமே ஆர்சனலுக்குக் கீழேதான் இருந்தன. டாட்டன்ஹாம் முடித்தது 17-வது இடம். ஆர்சனல் 2-வது இடம். ஆனா கோப்பை யார் கையில் இருந்தது? ஆர்சனல் ரசிகர்களின் ஆதங்கம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்குது.

உண்மையிலேயே ஆர்சனல் முன்னேறியிருக்கா?

சந்தேகமே வேண்டாம், முன்னேறியிருக்கு. மிக்கேல் ஆர்டெட்டா மேனேஜராக பொறுப்பேற்றது 2019 டிசம்பரில். அதன் பிறகு லீக்கில் ஆர்சனலின் கணக்கு இது:

- 2019-20: 56 புள்ளிகள், 8-வது இடம்
- 2020-21: 61 புள்ளிகள், 8-வது இடம்
- 2021-22: 69 புள்ளிகள், 5-வது இடம்
- 2022-23: 84 புள்ளிகள், 2-வது இடம்
- 2023-24: 89 புள்ளிகள், 2-வது இடம்
- 2024-25: 74 புள்ளிகள், 2-வது இடம்

சாம்பியன்ஸ் லீக்கிலும் அதே கதைதான். 6 சீசன்களாக அந்தத் தொடருக்கே தகுதி பெறாமல் இருந்த அணி, 2024-ல் காலிறுதி வரை போனது. 2025-ல் ரியல் மாட்ரிட்டை இரண்டு போட்டியிலும் தோற்கடித்து அரையிறுதிக்கே போயிருச்சு. டெக்லன் ரைஸ் அடித்த அந்த 2 ஃப்ரீ கிக் கோல்களை யாரும் லேசில் மறக்க மாட்டாங்க.

அப்போ பிரச்சினை என்ன? 2024-25 சீசன் முடியும் வரை, ஆர்டெட்டாவின் கீழ் ஆர்சனல் வென்ற பெரிய கோப்பை ஒன்றே ஒன்றுதான். 2020 ஆகஸ்ட்டில் செல்சியை 2-1 என வீழ்த்தி வாங்கிய எஃப்.ஏ. கோப்பை. அப்போது அவர் பொறுப்பேற்று ஒரு வருஷம்கூட ஆகல. அதாவது, அணி சுமாராக இருந்த காலத்தில் கோப்பை கிடைத்தது. அணி பலமான பிறகு கிடைக்கல. இடையில் 2 முறை வென்ற கம்யூனிட்டி ஷீல்டு, சீசன் தொடக்கத்தில் நடக்கும் ஒரே ஒரு மேட்ச். அதை ரசிகர்களே பெரிய கணக்கில் சேர்ப்பதில்லை.

3 முறை 2-வது இடம்... ஆனா மூன்றும் ஒன்றல்ல!

வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி தெரியும். ரசிகர்களைக் கேட்டால் மூன்றும் மூன்று விதமான வலி என்பார்கள்.

2022-23 சீசனில் ஆர்சனல் 248 நாட்கள் முதலிடத்தில் இருந்தது. இங்கிலாந்தில் இத்தனை நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு பட்டத்தைக் கோட்டைவிட்ட அணி வேறு இல்லை. சென்டர் பேக் சலீபா காயத்தில் வெளியேறினார். ஏப்ரலில் லிவர்பூல், வெஸ்ட் ஹாம் இரண்டு அணிகளுக்கு எதிராகவும் 2-0 முன்னிலை பெற்றுவிட்டு 2-2 டிரா. கடைசி இடத்தில் இருந்த சவுத்தாம்ப்டனுடன் சொந்த மைதானத்தில் 3-3. அடுத்து சிட்டியிடம் 4-1 தோல்வி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டல. ஆனாலும், "இளம் டீம், அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

2023-24 சீசனில் குறை சொல்லவே முடியாது. 2024 புத்தாண்டுக்குப் பிறகு ஆடிய 18 லீக் மேட்ச்களில் 16 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. 91 கோல் அடித்து 29 மட்டுமே வாங்கினார்கள். கிடைத்தது 89 புள்ளிகள். 2003-04-ல் ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன் ஆன ஆர்சனலின் புகழ்பெற்ற அணி எடுத்ததே 90 தான். ஆனா சிட்டி கடைசி 9 மேட்ச்களையும் ஜெயித்து 91-ல் போய் நின்றது. இதுவும் ரசிகர்களுக்குப் புரிந்தது. தொடர்ந்து 4 முறை லீக் வென்ற வரலாறு அந்த சிட்டி அணிக்கு மட்டும்தான் இருக்கு.

2024-25 தான் உண்மையான கடுப்பு. ஏன்னா, இந்த முறை வழிமறிக்க சிட்டி இல்லை. அவர்கள் 71 புள்ளிகளோடு 3-வது இடத்துக்கு இறங்கிட்டாங்க. கதவு திறந்து கிடந்தது. உள்ளே போனது லிவர்பூல். புது மேனேஜர் ஆர்னே ஸ்லாட். அந்த சீசனுக்காக அவர்கள் பெரிய பணம் போட்டு ஆளும் எடுக்கவில்லை. ஆர்சனலோ முந்தைய ஆண்டைவிட 15 புள்ளிகள் குறைவாக எடுத்தது. தோல்வி 4 தான், ஆனா டிரா மட்டும் 14. முதல் 8 மேட்ச்களில் ரைஸ், ட்ரோசார்ட், சலீபா என 3 பேருக்கு ரெட் கார்டு. அந்த 3 மேட்ச்களில் ஒன்றைக்கூட ஜெயிக்கல.

ஆர்டெட்டா சொல்வது என்ன?

லிவர்பூல் பட்டம் வென்ற பிறகு ஆர்டெட்டா ஒரு கணக்கு சொன்னார். கடந்த இரண்டு சீசன்களில் ஆர்சனல் எடுத்த புள்ளிகளை வைத்துப் பார்த்தால் 2 பிரீமியர் லீக் பட்டம் கிடைத்திருக்கும் என்பது அவர் வாதம். சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருப்பதும் கோப்பைக்கு முக்கியம் என்றார்.

இது சரியா? பாதி சரி. லிவர்பூல் எடுத்தது 84 புள்ளிகள். ஆர்சனலின் 89 அதைவிட அதிகம். ஆனா 2022-23-ல் எடுத்த 84 லிவர்பூலுக்குச் சமம்தான், அதிகம் இல்லை. தவிர, ஒரு வருஷத்துப் புள்ளியை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு சீசனிலும் எதிரணிகள் வேற, காயங்கள் வேற.

லீக்கில் அதிர்ஷ்டம் ஓரளவு விளையாடியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போ கோப்பைத் தொடர்களில் என்ன ஆச்சு?

8 மேட்ச்... 2 கோல்!

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இது.

2020-ல் எஃப்.ஏ. கோப்பை வென்ற பிறகு, அடுத்த 5 சீசன்களில் அந்தத் தொடரின் 4-வது சுற்றை ஆர்சனல் ஒருமுறைகூட தாண்டவில்லை. அதில் 3 முறை 3-வது சுற்றிலேயே, அதாவது தாங்கள் ஆடிய முதல் மேட்ச்சிலேயே வெளியேறிட்டாங்க. கடைசியாக 2025 ஜனவரியில், 10 பேரோடு ஆடிய மான்செஸ்டர் யுனைடெட்டிடம் சொந்த மைதானத்தில் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோல்வி.

மற்ற தொடர்களில் 4 முறை அரையிறுதிக்குப் போனார்கள். ரிசல்ட்டைப் பாருங்க:

- 2021 யூரோப்பா லீக், வில்லாரியல்: 1-2, 0-0
- 2022 லீக் கோப்பை, லிவர்பூல்: 0-0, 0-2
- 2025 லீக் கோப்பை, நியூகாசில்: 0-2, 0-2
- 2025 சாம்பியன்ஸ் லீக், பிஎஸ்ஜி: 0-1, 1-2

மொத்தம் 8 மேட்ச். வெற்றி பூஜ்யம். அடித்த கோல் 2. அதிலும் ஒன்று பெனால்டி. அந்த 5 சீசன்களில் ஒரு ஃபைனலைக்கூட எட்டல.

ஒரு மேட்ச்சில் பந்து போஸ்ட்டில் பட்டு வெளியே போனா அதிர்ஷ்டம் இல்லைன்னு சொல்லலாம். 8 மேட்ச்சில் 2 கோல் என்பதை அப்படி மட்டும் விளக்க முடியாது. நியூகாசிலுக்கு எதிரான முதல் மேட்ச்சில் 20-க்கும் மேற்பட்ட ஷாட் அடித்தும் ஒரு கோல்கூட விழல. அந்தத் தொடரில் பயன்படுத்தும் பந்து வேறு மாதிரி என்று ஆர்டெட்டா பேசியது ரசிகர்களுக்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிருச்சு. அதே பந்தில்தானே நியூகாசிலும் ஆடி 2 கோல் அடித்தது?

ஸ்ட்ரைக்கர் எங்கே?

கோபத்தின் மையம் இதுதான். அணி வளரலைன்னு ரசிகர்கள் யாரும் சொல்லல. ஓட்டை எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சும் அதை ஏன் அடைக்கலைன்னுதான் கேட்கிறாங்க.

2024 டிசம்பரில் சாகாவுக்கு தொடையில் காயம், 3 மாதத்துக்கும் மேல் ஓய்வு. ஜனவரியில் கேப்ரியல் ஜீசஸுக்கு முழங்காலில் பெரிய காயம். அந்த மாதம் முழுக்க டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்திருந்தது. ஆர்சனல் ஒருவரைக்கூட வாங்கவில்லை. விண்டோ மூடிய சில நாட்களில் ஹாவெர்ட்ஸும் காயத்தில் விழுந்தார். வேறு வழியில்லாமல், மிட்ஃபீல்டரான மெரினோவை ஸ்ட்ரைக்கராக இறக்கினார்கள். அவர் லெஸ்டருக்கு எதிராக 2 கோல் அடித்துக் காப்பாற்றினார். ஆனா அது சமாளிப்பு, தீர்வு இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கு. லீக்கில் ஆர்சனலின் டாப் ஸ்கோரர் யார் தெரியுமா? 9 கோல்களோடு ஹாவெர்ட்ஸ். பிப்ரவரியில் காயமடைந்தவரை சீசன் முடியும் வரை சொந்த அணியில் யாரும் தாண்டல. லிவர்பூலின் சலா மட்டும் 29 கோல்.

கிளப் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜனவரியில் நல்ல ஸ்ட்ரைக்கரை எந்த அணியும் எளிதில் விற்காது. அவசரத்தில் தப்பான ஆளை வாங்கினால் வருஷக்கணக்கில் சுமக்கணும். வீரர்களை வாங்கும் பொறுப்பில் இருந்த எடு நவம்பரிலேயே விலகிட்டார், அவர் இடத்துக்கு ஆண்ட்ரியா பெர்டா வந்தது மார்ச்சில்தான். ஆனா முந்தைய கோடையிலும் ஸ்ட்ரைக்கர் வாங்கலையேன்னு ரசிகர்கள் கேட்டால், அதற்கு இந்த விளக்கம் பதில் ஆகாது.

முன்னால் இருப்பது 2 பாதை

ஆர்சனலுக்கு முன்னால் இந்தச் சூழ்நிலையில் இருந்த 2 அணிகளைப் பார்ப்போம்.

முதல் பாதை, லிவர்பூல். 2015 அக்டோபரில் வந்த யுர்கன் க்ளாப், 2016-ல் 2 ஃபைனல்களிலும் 2018-ல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலிலும் தோற்றார். இவரும் கோப்பை வெல்ல மாட்டார் என்றுதான் பேசினார்கள். ஆனா லிவர்பூல் தன் ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடித்தது. டிஃபன்ஸுக்கு வான் டைக், கோல் கீப்பராக அலிசன். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் 30 வருஷம் கழித்து லீக் பட்டம்.

இரண்டாவது பாதை, டாட்டன்ஹாம். 2014-ல் வந்த பொச்செட்டினோ அந்த அணியை அடியோடு மாற்றினார். 2016-17-ல் 86 புள்ளிகளோடு 2-வது இடம். 2019-ல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். ஆனா கோப்பை ஒன்றுகூட இல்லை. அந்த ஃபைனல் முடிந்து 6 மாதத்துக்குள் அவர் நீக்கப்பட்டார். நல்ல வீரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

ஆர்சனல் எந்தப் பாதையில் இருந்தது? 2025 கோடையில் அது தெரியல. ஆனா ஒரு வித்தியாசம் கவனிக்கணும். க்ளாப், பொச்செட்டினோ இருவருமே ஃபைனல் வரை போய்த் தோற்றார்கள். பலமான ஆர்சனல் 2024-25 சீசன் வரை ஃபைனலுக்கே போகல.

கோப்பையா, முன்னேற்றமா?

17-வது இடமும் ஒரு கோப்பையும் வேணுமா, 2-வது இடமும் வெறுங்கையும் வேணுமா? ஆர்சனல் ரசிகர்களுக்குள் அந்த சீசனுக்குப் பிறகு நடந்த சண்டை இதுதான். இதற்கு டாட்டன்ஹாமே ஒரு விசித்திரமான பதிலைச் சொல்லியிருக்கு. 17 வருஷக் காத்திருப்பை முடித்துவைத்த மேனேஜர் போஸ்டெகோக்லுவை, ஃபைனல் முடிந்து 16 நாளில் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கோப்பை மட்டும் போதாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அதே நேரம், முன்னேற்றம் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. முன்னேற்றத்துக்கு ஒரு காலக்கெடு இருக்கு. 2024-25 சீசன் முடிந்தபோது சாகாவுக்கு வயது 23, சலீபாவுக்கு 24, ரைஸுக்கும் ஓடேகார்டுக்கும் 26. ஒரு அணி உச்சத்தில் இருக்க வேண்டிய வயது இது. ஆனா சாகா, சலீபா, மேனேஜர் ஆர்டெட்டா மூவரின் ஒப்பந்தமும் அப்போது 2027-ல் முடிவதாக இருந்தது. கோப்பை இல்லாமல் இன்னும் ஒரு சீசன் போனால், பெரிய கிளப்கள் கூப்பிடும்போது "இங்கேயே இரு"ன்னு சொல்ல ஆர்சனல் கையில் என்ன இருக்கும் என்பதே அப்போதைய கேள்வி.

அதனால் ரசிகர்களின் கோபத்தைப் பேராசை என்று ஒதுக்க முடியாது. 2025-ல், கடைசியாக லீக் வென்று 21 வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குப் பிறந்த குழந்தை அதற்குள் காலேஜ் முடித்திருக்கும்.

புது சீசன் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. அதற்கு முன் டிரான்ஸ்ஃபர் விண்டோவில் ஆர்சனல் ஒரு முழுநேர ஸ்ட்ரைக்கரை எடுக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. எடுத்தாலும் சோதனை புள்ளிப் பட்டியலில் இல்லை. அடுத்த அரையிறுதி வரும்போது, அந்த "8 மேட்ச், 2 கோல்" கணக்கு மாறுமா என்பதுதான் அப்போதைய உண்மையான சோதனை.