கிணற்றடியிற் கற்க வேண்டிய கணக்கு

சிக்கனத்தை ஒரு நற்குணமாகப் போதிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. பாடசாலையிற் கட்டுரைப் பொருளாகவும், பரிசளிப்பு விழாவில் தலைமையுரைப் பொருளாகவும் அது பயன்பட்டு வருகின்றது. மாலை சூட்டி, உரை நிகழ்த்தி, தேநீர் அருந்திக் கலைந்த பின்னர், எவர் வீட்டு நீர்த்தாங்கியாவது வழிவது நின்றதாக நான் அறியேன். யாழ்ப்பாணக் குடாநாட்டு வீட்டு நீரை நான் ஒரு கணக்காகவே பார்க்கின்றேன். அக்கணக்கை ஊர் கூடிக் கற்க வேண்டும் என்பது என் கருத்து.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் நம்முடையது. வழுக்கியாறும் மாரிக்கு மட்டுமே ஆறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கலாம் என்பது நிலநீர் அறிஞர் கண்ட விதி. மேலே 1 அடி குறைந்தால் கீழே உவர் அத்தனை அடி ஏறி வரவும் இடமுண்டு. கேத்திர கணிதத்திற் சித்தியெய்தும் நம் மாணவருள், தம் வீட்டுக் கிணற்றின் இந்தக் கணக்கை அறிந்தோர் மிகச் சிலரே.

வேலியை ஒரு விரற்கடை நகர்த்தினால் நீதிமன்றம் வரை செல்லும் நாம், வேலிக்குக் கீழே நீர் எவர் எல்லையையும் மதியாது ஓடுவதை நினைப்பதில்லை. ஒருவர் மலக்குழியில் இறங்குவது அயலவர் குடத்தில் ஏறி வருகின்றது. இத்தனைக்கும் பொதுமை நமக்குப் புதிதன்று. பழைய உறுதிகளிற் காணிப் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டுள்ளன. இறைப்பு முறை இன்னார்க்கு இன்ன நாள் என்பதை எழுத்தறியாதாரும் பிசகாமற் காத்தனர். துலா மிதித்த காலத்தில், மிதித்தவர் கால் ஓய்ந்தபோது இறைப்பும் ஓய்ந்தது. கிணறு ஊற நேரம் கிடைத்தது. மின்மோட்டாருக்குக் கால் நோவதில்லை. துலாவுக்கு மீளவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை மிதித்த முதியவர் எவரும் அப்படிச் சொல்லக் கேட்டதுமில்லை.

1990 முதற் சில ஆண்டுகள் மின்சாரமும் எரிபொருளும் அற்றிருந்த போது, போத்தல் விளக்கிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. மின்சாரம் மீண்டதும் அச்சிக்கனம் கழன்று போயிற்று. இல்லாமை பழக்கியது, இருப்பு மறக்கச் செய்தது. காரணம் அறிந்து கைக்கொண்டிருந்தால் அவ்வளவு விரைவில் விட்டிருக்க மாட்டோம்.

கண்ணுக்குத் தெரியும் கேட்டை நாம் பொறுப்பதில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகம் சுற்றாடற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை கண்டு மக்கள் வீதிக்கு வந்தனர், வந்தது நியாயமே. நைத்திரேற்றுக்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போடும் யூரியாவிலிருந்தும், நம் மலக்குழிகளிலிருந்தும் அது கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவிழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று தாய்மார் நம்புகின்றனர். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக் கொதியில் அழிவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இந்த ஒரு செய்தியேனும் ஒவ்வோர் அடுப்படிக்கும் சென்று சேர்ந்துள்ளதா?

2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டதைக் காட்டி, இனி இக்கவலை எதற்கு என்பாருண்டு. குழாய்நீர் வரட்டும், வரவேற்போம். தோட்டத்துக்குக் கடல்நீரைச் சுத்திகரித்து இறைக்க எவராலும் இயலாது.

யார் கற்பிப்பது? ஊர்தோறும் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் இருக்கின்றன. மரண அறிவித்தலும் உதைபந்தாட்ட முடிவும் எழுதப்படும் அந்தக் கரும்பலகையில் ஒரு மூலையை ஒதுக்கினாற் போதும். மாதம் ஒருமுறை, கயிற்றிற் கல்லைக் கட்டி ஒழுங்கையின் ஒவ்வொரு கிணற்றையும் மாணவர் அளந்து எழுதட்டும். 100 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,20,000 லீற்றர் நீர் என்பதை அவர்களே பெருக்கிப் பார்க்கட்டும். முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடியவர் அத்தனையையும் வீதிக்கு அனுப்புகின்றார் என்பது அப்போது விளங்கும். மலக்குழிக்கு எட்ட, கல்லும் மணலும் இட்ட குழியொன்றில் அதை இறக்கலாம். சமையலறைக் கழுநீரை வாழைக்கு விடுவது நம் பாட்டிமார் செய்தது. அதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. நைத்திரேற்றை அறிய ஆய்வுகூடம் வேண்டும். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு கிணற்று நீரை அனுப்பினாற் செலவு பெரிதாகாது.

முதல் அளவை எடுக்க ஏற்ற காலம், மாரி தொடங்குமுன் வரும் புரட்டாதி. கிணற்று நீர் மிகக் கீழே நிற்பது அப்போதுதான்.